ஒட்டின காற்று

ஒரு குமிழி வந்தது. வந்தது என்றுதான் வாசுகி நினைத்தாள். கண்ணாடித் தொட்டிக்குள் முக்கி வைத்திருந்த குழாய்களின் இடது ஓரத்தில், கடைசி ஜாயிண்டுக்கு அடியில், கடுகளவு ஒன்று திரண்டு, இருக்கவா போகவா என்று கொஞ்சம் யோசித்து, பிறகு விடுவிடென்று மேலே ஏறி உடைந்தது. அவ்வளவுதான். தண்ணீர் ஒன்றுமே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது. அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். ஒட்டின காற்றாக இருக்கும். குழாயைத் தண்ணீரில் இறக்கும்போது மரையின் இடுக்கில் கொஞ்சம் காற்று ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கும், அப்புறம் சாவகாசமாகக் கழன்று மேலே வரும், அது கசிவு இல்லை. இன்னொன்று வந்தால்தான் கசிவு. வராது. வரக் கூடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில் மின்விசிறி இருக்கிற அனலையே திருப்பித் திருப்பி வீசிக்கொண்டிருந்தது, முதுகில் புடவை ஒட்டிக் கிடந்தது, அவள் அசையவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்து, கடலுக்குள் ஓடும் ஆளில்லா வண்டிக்கு எரிபொருள் எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து வரைந்து தலை நரைத்து, கடைசியில் செய்வது என்னவோ பஞ்சர் கடை வேலைதான். டியூபில் காற்றை அடி, சட்டித் தண்ணீரில் முக்கு, எங்கே குமிழி வருகிறதென்று பார். பஞ்சர் கடைக்காரனாவது நடுவில் பீடி குடிக்கலாம். இங்கே அதுவும் கிடையாது. இந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு, யார் வரைந்தாரோ அவரேதான் கடைசியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம். செல்போன் மேஜை டிராயருக்குள். யாரும் கூப்பிடக் கூடாது, டீ நீட்டக் கூடாது. கண்ணை எடுத்தால் எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. இதற்குக் ‘கண்ணு வைக்கிறது’ என்று ஃபாரூக் பெயர் வைத்திருக்கிறான். குழாய்களை மாட்டி முறுக்குகிறவன் அவன்தான். “அக்கா கண்ணு வெச்சா கல்லே பொளந்துடும், குழாய் எம்மாத்திரம்” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான், இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் குமிழியைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலிருந்து தெரியாது. பார்த்தது அவள் ஒருத்திதான்.

வண்டி பக்கத்து அறையில் வயிறு திறந்து கிடந்தது. மஞ்சள் வண்டி. சுறா மாதிரி இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள், வாசுகிக்கு அது எப்போதும் நீட்டிப் போட்ட கேஸ் சிலிண்டராகத்தான் தெரியும். உள்ளே ஆள் கிடையாது, மேலே கயிறு கிடையாது, விட்டால் தானாக இறங்கி, தானாகக் கடலடியைப் படம் பிடித்து, தானாகத் திரும்பி வர வேண்டும். வெறும் பேட்டரியில் ஓட்டினால் ஒரு நாளிலேயே மூச்சு வாங்கிவிடும். அதனால் ஒரு பாட்டிலில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்ஸிஜன், நடுவில் ஒரு பெட்டி. இரண்டும் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்தால் கரண்ட் வரும், கூடவே தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரைக் கடலில் விட்டுவிடக் கூடாது. விட்டால் வண்டியின் எடை குறைந்துகொண்டே போய், முங்க முடியாமல் மேலே மேலே வரப் பார்க்கும். ஆகவே அதையும் ஒரு பையில் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்டபோது என்ன எடையோ திரும்பும்போதும் அதே எடை. செலவானது எதுவும் வெளியே போகாது. இதைத் தணிகாசலத்துக்கு விளக்கிச் சொன்னது ஞாபகம் வந்தது, எங்கே, அடுப்படியில், அவர் டியூட்டி முடித்து வந்து காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டு அப்பளத்தைப் பொடித்துக்கொண்டிருந்தார். “அதாவது தின்னது எதையும் வெளிய விடாம வயித்துலயே வெச்சுக்கிட்டு ஓடற வண்டின்னு சொல்லு.” “சாப்புடறப்ப அசிங்கமா பேசாதீங்க.” “நீதான்டி சொன்ன.” மாநகரப் பேருந்து ஓட்டுகிறவருக்கு எல்லா வண்டியும் பஸ்தான். “டீசல் தீர்ந்தா நான் ஓரமா ஒதுக்கி நிறுத்திடுவேன். உன் வண்டி எங்கடி நிக்கும்?” என்றார். அவள் சொன்னாள், எல்லாம் நின்றுபோனால் வயிற்றில் கட்டியிருக்கும் ஈயக் குண்டு தானாகக் கழன்று விழுந்துவிடும், எடை குறைந்து வண்டி மேலே வந்துவிடும் என்று. “மேல வந்தா சரி. மேல போனாத்தான் கஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அப்போது இருமல் இல்லை. இருந்ததோ என்னவோ. சிரிப்போடு கலந்து வந்திருந்தால் யார் கவனித்தார்கள்.

அந்த ஜாயிண்டைத் துடைத்தோமா? அதுதான் இப்போது கேள்வி, மற்றதெல்லாம் சும்மா. தொட்டியில் இறக்குவதற்கு முன்னால் ஈர விரலால் ஒவ்வொரு ஜாயிண்டையும் சுற்றித் தேய்த்துவிட வேண்டும், அப்படித் தேய்த்தால் ஒட்டின காற்று போய்விடும், அதற்குப் பிறகு வருகிற குமிழி எல்லாம் உள்ளேயிருந்து வருவதுதான், சந்தேகமே வேண்டாம். வாசுகி வலதிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். வால்வு, அதற்கு அடுத்தது, வளைவு, அடுத்தது. அப்போது போன் அடித்தது. இன்னும் டிராயருக்குள் போடவில்லை. மிருதுளா. “அம்மா, டிப்போலேருந்து முனுசாமி அங்கிள் வந்திருக்காரு. அப்பா சட்டை மூணு பீரோல இருக்கே, காக்கி, அதக் கேக்கறாரு. புதுசா சேந்த யாருக்கோ ஆவுமாம். குடுத்துடவா?” அவள் பெண் எதையும் சுற்றி வளைத்துக் கேட்க மாட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜுக்குப் போகப் பிடிக்கலை என்று இதே குரலில்தான் சொன்னாள், ஏன் என்று கேட்டதற்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைம்மா, இதுக்குக் காரணம் வேற கண்டுபிடிக்கணுமா என்றாள். “எதையாவது பண்ணு” என்று வாசுகி சொன்னாள். “எதையாவதுன்னா? குடுக்கவா வேணாமா?” “வேலையா இருக்கேன் மிருது.” “நீ எப்பத்தான் வேலையா இல்ல” என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போனை டிராயரில் போட்டது ஞாபகம் இருக்கிறது. கை ஈரம் போனில் பட்டு அதை முந்தானையில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. மூன்று சட்டையில் ஒன்றுக்குக் கழுத்துப் பட்டை தேய்ந்து உள்நூல் தெரியும், அதை எவன் போட்டுக்கொள்வான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து கடைசி ஜாயிண்டைத் தேய்த்தது மட்டும் ஞாபகம் இல்லை. தேய்த்திருப்போம். இத்தனை வருஷமாகத் தேய்க்கிற கை, அதுவாகவே போய்த் தேய்த்திருக்கும். தேய்த்திருந்தால் அந்தக் குமிழி கசிவு. தேய்க்கவில்லை என்றால் ஒட்டின காற்று. அப்படியானால் தேய்க்கவில்லை. தேய்க்கவே இல்லை. என்ன அழகு பார், வேலையில் பிசகியிருக்க வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் வேண்டிக்கொள்வது. தொட்டித் தண்ணீரில் மேலே இருக்கிற குழல்விளக்கு நெளிந்தது. கடைசி ஜாயிண்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதானே. ஒரு புள்ளி இருந்தது. அது கண்ணாடியில் படிந்த கறை. கறைதான், அசையவில்லை.

வண்டி இன்று சாயங்காலம் துறைமுகத்துக்குப் போக வேண்டும். வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் கிளீனரைத் திட்டுவது கேட்கிறது. அங்கே கப்பல் நாளைக்குக் காலையில் கிளம்பும், அதை விட்டால் மழைக்காலம் முடிகிற வரைக்கும் கப்பல் கிடையாது. இங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான குருமூர்த்தி சார் காலையிலிருந்து நான்கு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும், ஆனால் தொண்டையைக் கனைப்பதை யார் தடுக்க முடியும். கசிகிறது என்று சொன்னால் எல்லாம் நின்றுபோகும். கசியவில்லை என்று சொல்லி, கசிந்தால்? பூட்டின வயிற்றுக்குள் ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், ஒரு சின்னப் பொறி போதும், ஈயக் குண்டு கழன்றாலும் பிரயோஜனம் இல்லை, மேலே வருவதற்கு வண்டி என்று ஒன்று இருக்க வேண்டுமே. கப்பலில் ஏற்றும்போதே பொறி பட்டால்? பக்கத்தில் யார் நிற்பார்கள்? ஃபாரூக் நிற்பான். எப்போதும் அவன்தான் கொக்கியை மாட்டுவான். ஆனால் ஒரு குமிழிதானே. ஒன்றே ஒன்று. அதுவும் வந்ததோ என்னவோ. நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? குமிழியைப் பார்க்கிறதில் நீ பெரிய ஆள்தான், தெரியாதா.

தெரியும். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று இருந்தாள், நினைக்கக் கூடாது என்று இருக்கும்போதே பாதி நினைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில், கட்டிலின் தலைமாட்டில், அந்தச் சின்ன பாட்டில். சுவர்க் குழாயிலிருந்து வருகிற ஆக்ஸிஜன் அதிலிருக்கும் தண்ணீருக்குள் புகுந்து, குமிழி விட்டு ஈரமாகி, அப்புறம் டியூப் வழியாக மூக்குக்குப் போகும். தணிகாசலத்தின் நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது, அவர் டிரைவர் சீட்டில் உட்கார்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார், வாசுகி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் அந்த வார்டில் அது ஒன்றுதான். டாக்டர் பேசுவது புரியாது, ரத்தப் பரிசோதனைக் காகிதம் புரியாது, வாயு எவ்வளவு போகிறது என்பது புரியும். குமிழியின் பருமனைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு தடவை டியூப் மடங்கிக் குமிழி குறைந்ததை நர்ஸுக்கு முன்னால் இவள்தான் கண்டுபிடித்தாள், அன்றைக்கு முழுக்க ஒரு கர்வம்கூட இருந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவரின் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள், இதோ பாரும்மா, குமிழி வருதா, வந்தா ஆக்ஸிஜன் போகுதுன்னு அர்த்தம். வீட்டிலிருந்து மிருதுளா போன் பண்ணி அப்பா எப்படி இருக்காரு என்று கேட்டால் குமிழி நல்லா வருது என்பாள். “நான் அப்பாவைக் கேட்டேன்” என்பாள் அவள். “அதான்டி, நல்லா இருக்காரு.” அவர் கூடக் கிண்டல் பண்ணினார், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், “என்னையும்... தொட்டியில... முக்கிட்டியா?” என்று. அவள் சிரித்தாள், சிரிக்கும்போதும் பாட்டிலைத்தான் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம். வார்டு முழுக்கச் சாம்பார் வாசனை, டிபன் டப்பா மூடிகள் விழுகிற சத்தம். வெயில் ஜன்னல் வழியாக வந்து பாட்டிலில் பட்டு, ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகப் பளபளத்துக்கொண்டு ஏறியது. ஒரே சீராக வந்தது. இவ்வளவு சீராக வந்ததே இல்லை என்று நினைத்தாள். நல்ல நாள் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில் மருமகள் தயிர்சாதம் பிசைந்த கையோடு எழுந்து வந்தாள். “யக்கா, அவரு வாயத் தொறந்தபடியே இருக்காரே, பாருங்க.” பார்த்தாள். குமிழி வந்துகொண்டே இருந்தது. சுவரிலிருந்து வருகிற குமிழி, மூச்சை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் போட்ட கணக்குகளில் முதல் கணக்கே அதுதான், அனுப்புவது வேறு, போய்ச் சேருவது வேறு. நர்ஸ் வந்து கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள், பிறகு எட்டிச் சுவரில் இருந்த திருகை மூடினாள். அப்போதுதான் குமிழி நின்றது. அப்போதுதான் வாசுகி அவர் கையைப் பிடித்தாள், கியர் மாற்றி மாற்றிக் காய்த்துப்போன கை, அது ஏற்கனவே சில்லிட்டிருந்தது.

“அப்பா எப்பம்மா போனாரு?” போன வாரம் மிருதுளா கேட்டாள். துணி மடித்துக்கொண்டே, சாயங்காலம் என்ன டிபன் என்று கேட்கிற மாதிரி. “அதான் சர்ட்டிபிகேட்ல போட்டிருக்கே.” “அது நர்ஸ் வந்த நேரம். நான் அப்பா போன நேரத்தக் கேக்கறேன். நீ பக்கத்துலதான இருந்த?” இருந்தேன். பக்கத்தில்தான் இருந்தேன், முழங்கால் கட்டிலில் இடிக்கிற தூரத்தில், கண்ணைக்கூட எடுக்கவில்லை, ஆனால் கண் இருந்தது பாட்டில் மேல். “தூங்கிட்டேன்” என்று பொய் சொன்னாள். மிருதுளா ஒரு காக்கிச் சட்டையை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள். “தூங்கினா மன்னிச்சிருப்பேன்” என்றாள், அவ்வளவுதான், கோபம்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்? போனில் குமிழி குமிழி என்று கேட்டவளுக்குத் தெரியாதா. அந்தச் சட்டைகளைத்தான் இப்போது முனுசாமி கொண்டுபோய்க்கொண்டிருப்பார், பஸ் எண்ணெய் வாசனை துவைத்தும் போகாத சட்டைகள். கொடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கொடு என்றாவது சொல்லியிருக்கலாம். எதையாவது பண்ணு. அவர் போய் மழை ஒன்று வந்து வெயில் ஒன்று வந்து எல்லாம் ஆகிவிட்டது, வீட்டில் ஒரு எடையும் குறையவில்லை, அவர் நாற்காலி, அவர் சோப்பு டப்பா, பாத்ரூம் கொடியில் அவர் துண்டு, செலவானதெல்லாம் உள்ளேயே பையில் சேர்ந்துகொண்டு, சரியான இடத்தில் சேர்ந்தாலாவது பரவாயில்லை. முதல் தடவை நீச்சல் குளத்தில் வண்டியை விட்டபோது தண்ணீர்ப் பையை வாலில் வைத்துவிட்டாள், ஓட ஓட வால் கனத்து, வண்டி எருமை மாதிரி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, எல்லோரும் கரையில் நின்று சிரித்தார்கள். அப்புறம் பையை நடுவுக்கு மாற்றினாள். மாற்றத் தெரிந்தது, அங்கே.

கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் பார்த்தாளா? இவ்வளவு நேரம் கடைசி ஜாயிண்டுக்கு நேராகத்தான் கண் இருந்தது, அந்த இடத்தில் வெயிலும் பாட்டிலும் காக்கித் துணியும் அல்லவா தெரிந்தன. இதற்கிடையில் இரண்டாவது வந்திருந்தால்? வந்து, யோசித்து, ஏறி, உடைந்திருந்தால்? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முன்பு குமிழி வந்தது, வந்ததால் உயிர் இருக்கிறது என்று படித்தாள். இப்போது ஒன்று வந்தது, அதை ஒட்டின காற்று என்று படிக்கிறாள். தனக்கு வேண்டியதைப் படிக்கிற கண். இந்தக் கண்ணை நம்பித்தான் வாசலில் லாரி நிற்கிறது, கொக்கி மாட்ட ஃபாரூக் நிற்கப்போகிறான், அவனுக்குப் போன மாதம்தான் பெண் பிறந்தது, சர்க்கரை கொடுத்தான்.

“அக்கா, அரை மணி ஆச்சு” என்றான் ஃபாரூக் பின்னாலிருந்து.

கதவருகில் குருமூர்த்தி சார் கனைத்தார். இனிமேல் கேட்கலாம், விதி முடிந்துவிட்டது. “என்னம்மா வாசுகி, சுத்தம்தானே? லாரிக்காரன் கத்தறான்.”

ஒண்ணும் வரலை சார். நாக்கில் வந்து நின்றது. மூன்றே வார்த்தை. சொன்னால் அத்தோடு விட்டது.

“ஒண்ணு வந்துச்சு சார்” என்றாள். “ஆரம்பத்துல. இடது ஓரத்துல.”

“ஒண்ணா? அது ஒட்டின காத்தா இருக்கும்மா.”

“இருக்கலாம். தொடச்சேனான்னு ஞாபகம் இல்ல.”

“அப்புறம் வரலைல்ல?”

“தெரியல சார். கண்ணு இங்கதான் இருந்துச்சு. நான் பாக்கல.”

ஃபாரூக் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. “பரவால்லக்கா, முதல்லேருந்து வெச்சுக்கலாம். நான் வேணா பாக்கறேன்” என்றான், அவன் குரலில் கேலி இல்லை, அதுதான் என்னவோ செய்தது. குருமூர்த்தி சார் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “இன்னொரு அரை மணியா? கப்பல் நமக்காக நிக்குமா? ஒரே ஒரு குமிழிக்கு...”

“அவ்வளவு நேரம் வேணாம் சார்.”

வாசுகி வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு எழுந்தாள். உள்ளே இருப்பது சின்ன அழுத்தம்தான், பெரிய சோதனையெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது, கை வைத்தால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் சோதனை நடுவில் அவள் அதுவரைக்கும் கை வைத்ததில்லை, பார்ப்பதுதான் அவள் வேலை. கையை உள்ளே விட்டாள். இவ்வளவு அனலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. புடவைத் தலைப்பு நனைந்தது. கடைசி ஜாயிண்டைக் கட்டை விரலால் சுற்றித் தேய்த்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை, ஒட்டின காற்று எதுவும் மிச்சம் இல்லாதபடி. பிறகு அதை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். உலோகம், குளிர்ச்சி, மரையின் விளிம்பு, அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளங்கையின் நடுவில், ஆயுள் ரேகைக்குப் பக்கத்தில், எறும்பு தலையால் முட்டுகிற மாதிரி ஒன்று முட்டியது. தங்கியது. விரல் இடுக்கு வழியாக நழுவிப் போனது. அவள் காத்திருந்தாள். இன்னொன்று முட்டியது.

“வருது” என்றாள்.

குருமூர்த்தி சார் வெளியே போனார். லாரிக்காரனிடம் என்னவோ பேசுவது கேட்டது, பிறகு எஞ்சின் கிளம்பும் சத்தம். “காத்த எறக்கிடறேன்க்கா” என்று ஃபாரூக் வால்வைத் திருகினான். குழாய்களில் இருந்தது எல்லாம் சீறிக்கொண்டு போயிற்று. உள்ளங்கையில் முட்டுவது மெலிந்து, இடைவெளி விட்டு, ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை, அப்புறம் நின்றது. கடைசியாக முட்டியது எப்போது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அக்கா, கையை எடுங்க, முடிஞ்சிடுச்சு” என்றான்.

“எடுக்கறேன்” என்றாள். எடுக்கவில்லை.